அஸ்வினிக்கு ஒன்றரை கோடி: யார் கணக்கில் விழுந்த காசு?

பேஸ்லைன்:
பக்கத்து இழையில் ஒரு அன்பர் எழுதியிருக்கார். பாரிஸ் ஒலிம்பிக்குக்கு அரசாங்கம் 470 கோடி செலவழிச்சது, வந்தது ஆறு பதக்கம், ஆக ஒரு பதக்கம் 78 கோடியாம். அதோட விட்டாரா? "பேட்மின்டன் இரட்டையர் ஜோடி அஸ்வினி பொன்னப்பாவும் தனிஷா கிராஸ்டோவும் ஆளுக்கு ஒன்றரை கோடி வாங்கிக்கிட்டு மூணு ஆட்டமும் தோத்துட்டு வந்தாங்க"ன்னு ஒரு வரி வேற. வாங்கிக்கிட்டாங்களாம்! எந்த பேங்க்ல? எந்தத் தேதியில? யாருக்கு எவ்வளவு செலவுன்னு சாய் (இந்திய விளையாட்டு ஆணையம்) கொடுத்த பட்டியல் வெளியான 2024 ஆகஸ்ட்லயே அஸ்வினி பகிரங்கமா மறுத்தாங்க. இந்தப் பணம் எனக்கு வரல, 2023 நவம்பர் வரைக்கும் சொந்தக் காசுலதான் போட்டிகளுக்குப் போனேன்னு சொன்னாங்க. ஒரு வருஷம் கழிச்சும் அதே பொய்யைத் தூசி தட்டி எடுத்துட்டு வர்றீங்க.

கணக்குப்பிள்ளை:
அன்பர்னு சுத்தி வளைக்க வேணாம், எழுதினது நான்தான். எண் என்னுடையது இல்ல, சாய் கொடுத்த ஆவணத்துல இருக்கிற எண். அஸ்வினி பேருக்கு எதிரா டாப்ஸ் (ஒலிம்பிக் பதக்க இலக்குத் திட்டம்) தலைப்புல 4.5 லட்சம், ஏசிடிசி தலைப்புல 1.48 கோடி. கூட்டிப் பாருங்க, ஒன்றரை கோடிக்கு மேலேயே வரும்.

ஏசிடிசின்னா என்னன்னு தெரியாம குதிக்கிறவங்களுக்காக: அந்தந்த விளையாட்டோட தேசியக் கூட்டமைப்பு ஒவ்வொரு வருஷமும் பயிற்சி, போட்டி அட்டவணை ஒண்ணு தயார் பண்ணும். எத்தனை நாள் முகாம், எத்தனை பேர், எந்தெந்த வெளிநாட்டுப் போட்டி, எந்தப் பயிற்சியாளருக்கு எவ்வளவு சம்பளம், எத்தனை பிசியோ, எவ்வளவு உபகரணம், எல்லாம் வரி வரியா அதுல இருக்கும். சாய் உட்கார்ந்து வெட்டிக் குறைச்சு ஒப்புதல் கொடுக்கும். அந்தக் காசு வீரர் கைக்கு வராது, வரவும் கூடாது. முகாமுக்கும் டிக்கெட்டுக்கும் சாப்பாட்டுக்கும் போகும். தின்ன சோறு, அடிச்ச ஷட்டில், உட்கார்ந்து பறந்த சீட்டு இதெல்லாம் செலவு இல்லாம வானத்துலேர்ந்தா விழுந்தது?

பேஸ்லைன்:
சோறு ஒன்றரை கோடியா? தங்க அரிசியா வடிச்சாங்க?

ஈட்டிமுனை:
எனக்கு வேற ஒரு வயித்தெரிச்சல். பேட்மின்டனுக்கு மொத்தம் 72.02 கோடி. பாரிஸ் போனது ஏழே பேர், பதக்கம் பூஜ்யம். தலைக்கு 10 கோடிக்கு மேல. தடகளத்துக்கு 96.08 கோடின்னு கண்ணை உறுத்துது, ஆனா போனது 29 பேர், தலைக்கு 3.31 கோடிதான். வெள்ளியும் வந்தது. இதுல அழுற குழந்தை பேட்மின்டனா?

பேஸ்லைன்:
அண்ணே, அந்த 72 கோடி ஏழு பேருக்கு மட்டும் செலவானது இல்ல. மூணு வருஷச் சுழற்சி முழுக்க முகாம்ல இருந்த எல்லாரும், தகுதி பெறாம போனவங்களும் அதுக்குள்ள வர்றாங்க. போனவங்க எண்ணிக்கையால வகுக்கிறதுதான் இந்த ஒன்றரை கோடிப் பித்தலாட்டத்துக்கே வேர். நீங்களும் அதையே பண்றீங்க.

ஈட்டிமுனை:
அப்போ நீரஜுக்கு 5.72 கோடின்னு கத்தினப்ப ஏன் இந்த வகுத்தல் பாடம் நடத்தல? அப்ப இனிச்சுது.

கணக்குப்பிள்ளை:
ரெண்டு பேரும் தள்ளுங்க. நீரஜ் கணக்கு வேற ஜாதி. வெளிநாட்டுல நீண்ட நாள் பயிற்சி, தனிப் பயிற்சியாளர், தனி பிசியோ. அது பெரும்பாலும் ஒரு ஆளுக்கான செலவு, அவர் பேர்ல எழுதுறதுல தப்பில்ல. இரட்டையர் ஆட்டத்துல பயிற்சியாளர் பொது, எதிர்ல நின்னு ஆடுற ஆட்களும் பொது. பொதுச் செலவைப் பேருக்குப் பேர் பிரிச்சுத்தான் எழுதணும், வேற வழியே இல்ல. தணிக்கைக்காரர் கேட்டா எதைக் காட்டுவீங்க? அரசு நிதி விதிகள்ல (ஜிஎஃப்ஆர்) இருக்கிற 12ஏ படிவத்துல பயன்பாட்டுச் சான்று கொடுக்காம அடுத்த தவணை வராது. ஆக ஒன்றரை கோடி செலவானது ஆனதுதான்.

பேஸ்லைன்:
செலவானதா, அவங்களுக்கு ஆனதா? திரும்பத் திரும்ப இதைத்தான் கேட்கிறேன். வட்டம் சுத்துறீங்களே தவிர பதில் வரல.

சரி, உங்களுக்குப் பிடிச்ச விவரத்துக்கே வர்றேன். இந்த ஜோடி சேர்ந்ததே 2023 ஆரம்பத்துல. ஒலிம்பிக் தரவரிசைக்கான காலம் 2023 மே முதல் 2024 ஏப்ரல் வரை. அந்த ஒரு வருஷத்துல சிறந்த பத்து முடிவுகள் கணக்குல எடுத்துக்குவாங்க. புது ஜோடிக்குத் தரவரிசை ஏது? தரவரிசை இல்லாம சூப்பர் 750, 1000 மாதிரி பெரிய போட்டிகள்ல இடம் கிடைக்காது. அதனால சின்னப் போட்டிகள்லேர்ந்து ஏறி வரணும். நான்ட் இன்டர்நேஷனல் சேலஞ்ச், அபுதாபி சூப்பர் 100, குவாஹாட்டி சூப்பர் 100, மூணையும் 2023லயே ஜெயிச்சாங்க. கூட்டமைப்பு யாரை அனுப்பும்? தேர்வு வரம்புக்குள்ள ஏற்கனவே இருக்கிறவங்களை. வரம்புக்குள்ள வர புள்ளி வேணும், புள்ளிக்குப் பறக்கணும், பறக்கக் காசு வேணும். காசு தேவைப்பட்ட அந்த மாசங்கள்லதான் சொந்தப் பணம் போச்சு. ஏறி வந்த பிறகு கணக்குல வந்து ஒட்டிக்கிட்டா அது ஆதரவா?

இன்னொண்ணு. ஒரு நாட்டுக்கு ரெண்டு ஜோடி வேணும்னா ரெண்டும் உலகத் தரவரிசையில முதல் எட்டுக்குள்ள இருக்கணும். இல்லைன்னா ஒரே ஜோடி. இவங்க திரீசா ஜாலி, காயத்ரி கோபிசந்த் (தேசியப் பயிற்சியாளர் கோபிசந்தோட மகள்) ஜோடியைத் தாண்டி உள்ள போனாங்க. யாரைத் தாண்டினாங்கன்னு கவனிங்க, நான் வேற எதுவும் சொல்லல.

கணக்குப்பிள்ளை:
சொல்லலன்னு சொல்லிக்கிட்டே சொல்றது உங்க பழைய பழக்கம். போன உபர் கோப்பை இழையிலயும் இதே வேலைதான் பண்ணினீங்க.

பேஸ்லைன்:
உபர் கோப்பை இழையில நீங்க பாதியில ஓடினது எல்லாருக்கும் நினைவிருக்கு.

டேம்ஸ்கரை:
இந்தப் பிரச்சனையே பிரிட்டன்ல வராது. அங்க ரெண்டு தனிக் குழாய். ஒண்ணு, யுகே ஸ்போர்ட்ங்கிற அரசு நிறுவனம் ஒவ்வொரு விளையாட்டு அமைப்புக்கும் கொடுக்கிற நிதி: பயிற்சியாளர், மருத்துவம், முகாம், விஞ்ஞான உதவி. இன்னொண்ணு வீரர் விருதுத் தொகை. அது வீரரோட சொந்தக் கணக்குக்கே போகும், வாழ்க்கைச் செலவுக்கு. பிற வருமானம் ஒரு அளவைத் தாண்டினா தொகை குறையும். ரெண்டையும் கூட்டி ஒரு பெயருக்கு எதிரா எழுதி அசிங்கப்படுத்த மாட்டாங்க. 1996 அட்லாண்டாவுல ஒரே தங்கம், மொத்தம் 15 பதக்கம். 1997ல லாட்டரி நிதி வந்தது. 2000 சிட்னியில 11 தங்கம், 28 பதக்கம். பாரிஸ்ல 65 பதக்கம்.

கணக்குப்பிள்ளை:
வந்துட்டார் தேம்ஸ் நதி. 2016 ரியோ ஒலிம்பிக்ல பிரிட்டனோட எல்லிஸ், லாங்ரிட்ஜ் ஜோடி பேட்மின்டன் வெண்கலம் ஜெயிச்சு நாலு மாசம் ஆகல, அதே வருஷ டிசம்பர்ல பிரிட்டிஷ் பேட்மின்டன் நிதியை யுகே ஸ்போர்ட் மொத்தமா நிறுத்திடுச்சு. இலக்கை எட்டினவங்களுக்கே பூஜ்யம்! பதக்க வாய்ப்பு இருக்கிற விளையாட்டுக்குத்தான் காசுங்கிற முறை அது, சமரசமில்லாக் கொள்கைன்னு அதுக்கு ஒரு நல்ல பேர் வேற. அந்த ஊர் முறையை இங்க கொண்டு வந்தா பாரிஸ் முடிஞ்ச மறுநாளே அஸ்வினி, சிந்து எல்லாரும் வீட்டுக்குப் போகணும். சம்மதமா?

டேம்ஸ்கரை:
நான் பணம் போற வழியைப் பத்திப் பேசினேன். நீங்க நிதியை வெட்டினதுக்குத் தாவிட்டீங்க.

கணக்குப்பிள்ளை:
வழியைப் பத்தியே பேசுவோம். ஜெஸ் வார்னிஷ் வழக்கு தெரியுமில்ல? சைக்கிள் வீராங்கனை. நான் பிரிட்டிஷ் சைக்கிளிங்கோட ஊழியர்னு தீர்ப்பாயத்துக்குப் போனாங்க. 2019ல தோத்தாங்க, 2020ல மேல்முறையீட்டுலயும் தோத்தாங்க. ஊழியர் இல்ல, அந்தத் தொகை சம்பளமும் இல்ல, படிப்பு உதவித்தொகை மாதிரின்னு முடிவாச்சு. கணக்குல நேரா விழுந்த காசுக்கே அங்க கதி அதுதான்.

டேம்ஸ்கரை:
சம்பளமா இல்லையாங்கிறது வேற கேள்வி. கணக்குல விழுந்துச்சா இல்லையா? அதைச் சொல்லுங்க.

கோவை மைதானம்:
நடுவுல ஒரு வார்த்தை. எல்லாரும் டெல்லியையும் லண்டனையும் பார்க்குறீங்க. நம்ம மாநிலத்துல எஸ்டாட் (தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம்) மூணு படி வெச்சிருக்கு: எலீட் திட்டத்துல வருஷம் 30 லட்சம் வரைக்கும், மிம்ஸ்ங்கிற சர்வதேசப் பதக்கத் திட்டத்துல 12 லட்சம், சாம்பியன் மேம்பாட்டுத் திட்டத்துல 4 லட்சம். ஒலிம்பிக், பாராலிம்பிக் தங்கம், வெள்ளி, வெண்கலம் வந்தா 3 கோடி, 2 கோடி, 1 கோடி. பாரிஸ் பாராலிம்பிக்ல துளசிமதிக்கு 2 கோடி, மனிஷா, நித்யஸ்ரீ, மாரியப்பனுக்கு ஆளுக்கு ஒரு கோடி. காசோலையை மேடையில எல்லாரும் பார்க்கக் கொடுத்தாங்க. யாருக்கு எவ்வளவு போச்சுங்கிறதுல குழப்பமே இல்ல.

ஈட்டிமுனை:
பதக்கத்துக்கு அப்புறம் காசோலை கொடுக்க யாருக்கும் கை வலிக்காது. பதக்கத்துக்கு முன்னாடி மூணு வருஷம் பிசியோவுக்கும் காலணிக்கும் யார் கொடுக்கிறாங்க? மேடைக் காசையும் பயிற்சிக் காசையும் ஒரே பையில போடாதீங்க.

கோவை மைதானம்:
முதல் மூணு எண்ணும் பதக்கத்துக்கு முன்னாடி கொடுக்கிறதுதான் சார். வரியை முழுசாப் படிங்க.

கணக்குப்பிள்ளை:
மாநிலத் திட்டத்தைத் தனி இழை போட்டுப் பேசுங்க. நான் ஒன்றரை கோடிக்கு வர்றேன், ஏன்னா இங்க யாருக்கும் பணம் எப்படி நகருதுன்னே தெரியல.

டாப்ஸ்ல முக்கியக் குழுவுக்கு மாசம் 50,000, வளர்ச்சிக் குழுவுக்கு 25,000. இது மட்டும்தான் வீரர் கணக்குக்கு நேரா வர்ற கைச்செலவுப் பணம். மீதியெல்லாம் கோரிக்கை மூலமாத்தான். வீரர் கோரிக்கை எழுதணும்: எந்தப் போட்டி, எத்தனை நாள், கூட யார் வர்றாங்க, விமானம், தங்குமிடம், உள்ளூர்ப் போக்குவரத்து, விசா, காப்பீடு, ஒவ்வொண்ணுக்கும் விலைப்புள்ளி. கூட்டமைப்போட கருத்தும் வேணும். அப்புறம் டாப்ஸ் கோரிக்கைகளை முடிவு பண்ற மிஷன் ஒலிம்பிக் செல் குழுவோட கூட்டத்துல நிகழ்ச்சி நிரல்ல ஏறணும். ஒப்புதல் வந்தா தேசிய விளையாட்டு வளர்ச்சி நிதியிலேர்ந்து பணம் போகும். அதுவும் ஹோட்டலுக்கோ அகாடமிக்கோ நேரா.

எங்க உடையுதுன்னா, பேட்மின்டன் போட்டிக்குப் பதிவு பல வாரம் முன்னாடியே முடிஞ்சிடும். பதிவை வீரர் நேரா அனுப்ப முடியாது, சொந்தக் காசுல போறவங்களுக்கும் கூட்டமைப்புதான் அனுப்பணும். கடைசியில விலகினா உலக அமைப்புக்கு அபராதம். ஒப்புதல் தள்ளிப்போற ஒவ்வொரு வாரத்துக்கும் டிக்கெட் விலை ஏறும், கோரிக்கையில எழுதின விலைப்புள்ளி செல்லாது, திருத்தின கோரிக்கை திரும்ப வரிசையில நிக்கும். ஷெங்கன் விசா நேர்காணல் தேதி நமக்காகக் காத்திருக்காது. வேற வழியில்லாம வீரர் தன் அட்டையில தேய்ச்சுட்டுப் போவார், வந்து பில்லும் போர்டிங் பாஸும் கட்டி அனுப்புவார். ஒரு தாள் குறைஞ்சா ஆட்சேபனை.

இவ்வளவும் தெரிஞ்சுதான் எழுதினேன். இதுல எதுவும் ஒன்றரை கோடி செலவாகலன்னு நிரூபிக்கல.

பேஸ்லைன்:
நன்றி பிள்ளைவாள். வீரர் கணக்குக்கு நேரா வர்றது கைச்செலவுப் பணம் மட்டும்தான்னு உங்க வாயாலயே வந்துடுச்சு. அந்த 4.5 லட்சம் மொத்தமும் கைச்செலவுன்னே வெச்சுக்குவோம். 50,000 வீதம்னா ஒன்பது மாசம், 25,000 வீதம்னா பதினெட்டு மாசம். எந்த ஒன்பது, எந்தப் பதினெட்டு? நவம்பர் வரைக்கும் சொந்தக் காசுன்னு அவங்க சொல்றாங்க. காலண்டரை எடுத்து வெச்சு எண்ணிக் காட்டுங்களேன். அப்புறம், பாரிஸுக்குத் தன் பயிற்சியாளரைக் கூட அனுப்பச் சொன்ன கோரிக்கை மறுக்கப்பட்டதுன்னும் சொன்னாங்க. ஒன்றரை கோடி ஆதரவுல ஒரு பயிற்சியாளருக்கு இடம் இல்லாம போச்சா?

கணக்குப்பிள்ளை:
பயிற்சியாளருக்கான அனுமதி அட்டை எண்ணிக்கை வெச்சு வர்றது, பணத்தால வர்றது இல்ல. அணி பெருசானா எல்லா விளையாட்டும் பங்கு கேட்கும். இதுகூடத் தெரியாம பேட்மின்டன் பேசுறீங்க.

பேஸ்லைன்:
காலண்டர்?

ஈட்டிமுனை:
துப்பாக்கிச் சுடுதலுக்கு 60.42 கோடி, மூணு பதக்கம். ஹாக்கி 41.3 கோடி, ஒரு வெண்கலம். மல்யுத்தம் 37.80, ஒரு வெண்கலம், அதுவும் கூட்டமைப்பே இடைநீக்கத்துல கிடந்த நேரத்துல. பேட்மின்டன் 72. நான் இதை மட்டும்தான் கேட்கிறேன், எல்லாரும் என்னைத் தாண்டிக் குதிக்கிறீங்க.

டேம்ஸ்கரை:
உங்க கேள்விக்குப் பெயர்தான் சமரசமில்லாக் கொள்கை. பிள்ளை இப்பதான் அதைத் திட்டினார்.

கணக்குப்பிள்ளை:
நான் திட்டல. நடந்ததைச் சொன்னேன். என் வாயில வார்த்தையைத் திணிக்காதீங்க.

கோவை மைதானம்:
2025 பிப்ரவரியில கூட்டமைப்புகளுக்குக் கொடுக்கிற நிதிக்கான விதிகளை மத்திய அரசு திருத்துச்சே, அதை யாரும் தொடவே இல்ல. முகாம்ல மூத்த வீரர் சாப்பாட்டுக்கு நாளைக்கு 1,000, இளையோருக்கு 850. முகாம் இல்லாத நாட்களுக்கும் மாசம் 10,000 உணவுப்படி. தலைமைப் பயிற்சியாளர் சம்பளம் 5 லட்சத்துலேர்ந்து 7.5 லட்சம். இனிமே வர்ற பட்டியல்ல தலைக்கான எண் இன்னும் வீங்கும்.

பேஸ்லைன்:
சாப்பாடு நாளைக்கு ஆயிரமே வெச்சாலும் வருஷத்துக்கு 3.65 லட்சம். மூணு வருஷத்துக்கு 11 லட்சம் தாண்டாது. பிள்ளைவாள், மீதிக் காசை எங்க வடிச்சீங்க?

கணக்குப்பிள்ளை:
பயிற்சியாளர், ஷட்டில், பயணம், பிசியோன்னு முதல் பதிவுலயே எழுதியாச்சு. மேல போய்ப் படிங்க. நாலாவது தடவை எழுத மாட்டேன்.

பேஸ்லைன்:
எழுதுவீங்க. இன்னைக்கு ராத்திரிக்குள்ளயே எழுதுவீங்க. காலண்டரை மட்டும் எழுத மாட்டீங்க.

ஈட்டிமுனை:
தலைக்குப் பத்து கோடி. ஏழு பேர். பதில் வரல.

கணக்குப்பிள்ளை:
பயிற்சியாளர் சம்பளத்துலேர்ந்தே ஆரம்பிக்கிறேன், குறிச்சுக்குங்க...