உதவி தேவை: நுவரெலியாக் குளிரில் ஃபைக்கஸ் பச்சை இலையாகவே கொட்டுகிறது

கேட்டவர் (நுவரெலியா)

எல்லாருக்கும் வணக்கம். மகள் கொழும்பில் வேலை செய்கிறாள், அங்கே தன் அறையில் இரண்டு வருஷமாக வளர்த்த ஃபைக்கஸ் பெஞ்சமினா ஒன்று, சின்ன இலை, ஓரமெல்லாம் வெள்ளை, முழங்கால் உயரம். புது அறையில் வெளிச்சம் இல்லை என்று தைப்பொங்கலுக்கு வரும்போது பஸ்ஸில் காலுக்கிடையில் வைத்தே கொண்டுவந்து "பார்த்துக்கொள்ளுங்கள் அம்மா" என்று தந்துவிட்டுப் போனாள். ஐந்தாம் நாளே கொட்டத் தொடங்கியது. இப்போது காலையில் கூட்டினால் ஒரு கை நிறைய இலை. பழுக்கவும் இல்லை, வாடவும் இல்லை, பச்சையாகவே விழுகிறது. நேற்று சாடியைக் கொஞ்சம் திருப்பினேன், அதற்கே ஏழெட்டு இலை போய்விட்டது. தண்ணீர் போதவில்லையாக்கும் என்று தினமும் ஒரு கோப்பை ஊற்றினேன், தேயிலைக்குப் போடுகிற உரம் வீட்டில் இருந்தது, அதிலும் ஒரு கரண்டி போட்டேன். முன்னறை ஜன்னலோரம்தான் வைத்திருக்கிறேன். மகள் வீடியோ கோலில் செடியைக் காட்டச் சொல்கிறாள், எனக்குக் காட்ட மனசு வரவில்லை. இது பிழைக்குமா?

பதில் (பண்டாரவளை)

அக்கா, முதலில் தண்ணீரை நிறுத்துங்கள், உரத்தையும் நிறுத்துங்கள். மற்றதை ஆறுதலாகப் பார்க்கலாம்.

பெஞ்சமினாவுக்கு இடம் மாறினாலே இலை கொட்டுகிற குணம் உண்டு. ஒரே வீட்டுக்குள் ஒரு அறையிலிருந்து மற்ற அறைக்கு மாற்றினாலும் கொட்டும். உங்கள் செடியோ கொழும்பு வெக்கையிலிருந்து நேராக நுவரெலியாவின் தை மாதத்துக்கு வந்திருக்கிறது. அங்கே இரவில்கூட 22 பாகை அளவில் இருக்கும், உங்கள் பக்கம் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கும், சில விடியல்களில் புல் மேல் பனி உறைந்து வெள்ளையாகக் கிடக்கும். 13 பாகைக்குக் கீழே போனால் இந்தச் செடிக்குத் தாங்காது. பச்சையாகவே விழுவது பெரும்பாலும் குளிரும் இடமாற்றமும்தான், தண்ணீர் கூடிப்போனால் மஞ்சளாகி விழும்.

ஆனால் தண்ணீரை நினைத்தால்தான் எனக்குக் கவலை. இலை குறைந்த செடி குடிப்பதும் குறைவு, குளிரில் மண்ணும் சீக்கிரம் காயாது, அதற்கு மேல் தினமும் ஒரு கோப்பை என்றால் வேர் மூச்சுவிட வழியில்லை. விரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணில் விட்டுப் பாருங்கள். அப்புறம் ஒரு கிளையின் பட்டையை நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். உள்ளே பச்சையாக இருந்து பால் கசிந்தால் உயிர் இருக்கிறது.

பதில் (ஹட்டன்)

வெளியில் நல்ல வெயிலில் வைத்தால் சரியாகிவிடும். எங்கள் வாசலில் உள்ள ரப்பர் செடி அப்படித்தான் நிற்கிறது.

பதில் (பண்டாரவளை)

அண்ணே, உங்கள் செடி வாசலிலேயே வளர்ந்து பழகியது. அறைக்குள் வளர்ந்ததைத் திடீரென்று மலை வெயிலில் வைத்தால் மிச்ச இலையும் கருகும், இரவுக்குப் பனி வேறு. இப்போது வேண்டாம்.

கேட்டவர்

தம்பி, சுரண்டினேன், மேல் கிளை இரண்டு காய்ந்து பழுப்பாக இருக்கிறது. நடுத்தண்டு பச்சை, பாலும் வந்தது. விரல் விட்டால் சேறு. சாடியைத் தூக்கிப் பார்த்தால் வெளிச்சாடிக்குள் மூன்று விரல் உயரத்துக்குத் தண்ணீர் நிற்கிறது, அழகுக்காக மகள் வைத்த சாடி, அடியில் ஓட்டையே இல்லை, நான் இத்தனை நாளும் அதைக் கவனிக்கவில்லை. செடியை உருவிப் பார்த்தேன். சாக்கடை வாடை. கீழ் வேரைப் பிடித்து இழுத்தால் தோல் வழுக்கிக் கையோடு வருகிறது, உள்ளே நூல் மாதிரி ஒன்று மட்டும் மிஞ்சுகிறது. பக்கவாட்டில் இருப்பவை வெளிர் நிறத்தில் உறுதியாக இருக்கின்றன.

பதில் (பண்டாரவளை)

அந்தப் பக்க வேர்கள் போதும் அக்கா, காப்பாற்றலாம். குளிர்காலத்தில் சாடி மாற்றக்கூடாது என்பார்கள், நானும் அதைத்தான் சொல்வேன், ஆனால் வேர் அழுகியிருந்தால் காத்திருக்க முடியாது. பழைய மண்ணை முழுக்க உதிர்த்துவிடுங்கள், நீங்கள் போட்ட உரமும் அதோடு போகும். வழுக்குகிற வேரையெல்லாம் சுத்தமான கத்தரிக்கோலால் உறுதியான இடம்வரை வெட்டுங்கள். தோட்டத்துச் செம்மண்ணைத் தனியாகப் போடாதீர்கள், அது இறுகிவிடும், தும்புத்தூளும் பரும்மணலும் பாதிக்குப் பாதி கலந்து மக்கிய குப்பை கொஞ்சம் சேருங்கள். சாடி பெரிதாக வேண்டாம், வேருக்குச் சற்றே பெரிதாக, ஓட்டையோடு இருந்தால் போதும். பால் கையில் படாமல் பாருங்கள், சிலருக்கு அரிக்கும், கண்ணில் பட்டால் எரியும்.

வைக்கிற இடம்: பகலில் ஜன்னல் வெளிச்சம் வேண்டும், வெள்ளை ஓரம் உள்ள இலைக்கு அது இன்னும் கூடுதலாக வேண்டும். ஆனால் ராத்திரி கண்ணாடி ஐஸ் மாதிரி ஆகிவிடும், கண்ணாடியிலிருந்து இரண்டு அடியாவது தள்ளி வைத்து, இருட்டினதும் திரையை மூடிவிடுங்கள். சூடாக இருக்கட்டும் என்று குசினி அடுப்புப் பக்கம் கொண்டுபோகாதீர்கள், விறகுப் புகையும் வறட்சியும் குளிரைவிட மோசம். ஒரு இடம் பிடித்தால் அங்கேயே விடுங்கள். தண்ணீர், மேல்மண் காய்ந்த பிறகு மட்டும், அதுவும் குழாயிலிருந்து நேரே பிடித்த குளிர்நீர் இல்லை, வாளியில் ஒரு நாள் வீட்டுக்குள் வைத்தது.

பதில் (நானுஓயா)

அக்கா, இலை பிசுபிசுப்பாக இருக்கிறதா, எறும்பு ஏறுகிறதா என்றும் பாருங்கள். தண்டில் பழுப்பாகச் சின்னப் புள்ளிகள் இருந்தால் நகத்தால் தட்டிப் பாருங்கள். பட்டையோடு ஒட்டியிருந்தால் அது செடியின் சுவாசத் துளை, ஒன்றும் செய்ய வேண்டாம். சிப்பி மாதிரிக் கழன்று வந்தால் செதிள் பூச்சி. எங்கள் வீட்டில் அதைத் துளை என்று நினைத்து விட்டுவிட்டு ஒரு முழுச் செடியை இழந்தோம்.

பதில் (தலவாக்கலை)

ஆல், அரசு இனத்தை வீட்டுக்குள் வைக்கக்கூடாது என்று எங்கள் அப்பாயி சொல்லும்.

பதில் (நானுஓயா)

ஆலும் அரசும் அத்தியும் இதே ஃபைக்கஸ் இனம்தான், 800க்கும் மேல் வகை உண்டு. பெரியவர்கள் சொன்னதில் நியாயம் இருக்கிறது, நிலத்தில் நட்டால் வேர் சுவரைப் பிளக்கும். பேராதனைப் பூங்காவின் பெரிய புல்வெளியில் குடை விரித்து நிற்கிற மரமும் பெஞ்சமினாதான், பார்த்திருப்பீர்கள். சாடியில் வெட்டி அடக்கி வளர்ப்பதற்குப் பயமில்லை.

கேட்டவர்

பக்கத் தண்டில் ஐந்தாறு சிப்பி கழன்று வந்தது தங்கச்சி. விரல் ஒட்டுகிறது.

பதில் (நானுஓயா)

அப்படியென்றால் பழைய பல் பிரஷால் ஒவ்வொன்றாகத் தேய்த்து எடுங்கள். ஒரு லீட்டர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி திரவச் சோப்பு கலந்து இலைக்கு அடிப்புறமும் துடைத்து, கொஞ்ச நேரத்தில் நல்ல தண்ணீரால் கழுவுங்கள். வாரம் ஒரு தடவை, நான்கு வாரம் விடாமல் செய்யுங்கள். குஞ்சுகள் கண்ணுக்குத் தெரியாது.

கேட்டவர் (மார்ச் கடைசி)

சொன்னபடியெல்லாம் செய்தேன். பெப்ரவரி முழுக்க வெறும் குச்சியாகத்தான் நின்றது, பதினொரு இலை மட்டும் மிச்சம், தினமும் காலையில் எண்ணுவேன். தண்ணீர் பத்து நாளைக்கு ஒரு தடவைதான் தேவைப்பட்டது. போன கிழமை நடுத்தண்டில், காய்ந்த கிளையை வெட்டின இடத்துக்குக் கீழே ஒரு முனை, ஊசி மாதிரிக் கூர்மையாக. இன்று அது பிரிந்து இலையாகிவிட்டது, ஓரத்தில் வெள்ளையும் இருக்கிறது. கீழே இன்னும் நான்கு முனை. ஒரு பக்கமாகவே வளர்கிறதே, சாடியைத் திருப்பி வைக்கட்டுமா? உரம் எப்போது போடலாம்?

பதில் (பண்டாரவளை)

மிகவும் சந்தோஷம் அக்கா! திருப்ப வேண்டாம், நான்கு முனையும் இலையாகட்டும். உரமும் சித்திரை வெக்கை வந்த பிறகு, வீட்டுச் செடிக்கான கரைசல் உரம், போத்தலில் போட்டிருக்கிற அளவில் பாதி. தேயிலை உரம் வேண்டாம்.

கேட்டவர்

சரி தம்பி. இன்று ராத்திரி மகளுக்குக் காட்டப் போகிறேன்.