பரிசாகக் கொடுத்த நீல அச்சு மஞ்சளாகப் போச்சு

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:
புதுமனைக்குக் கொடுத்த சயனோடைப், அதாவது இரும்பு உப்புக் கலவை பூசின தாளை வெயில் காட்டி எடுக்கிற நீல அச்சு. வேப்பங்கொத்தை நேரா தாள்மேல வச்சு வெயில்ல எடுத்தது, கலவை வழக்கமானதுதான். ஃபிரேம் போடாம சுண்ணாம்பு அடிச்ச சுவர்ல ஒட்டிட்டாங்க. ஒரு மழைக்காலம் தாண்டினதும் போய்ப் பார்த்தா, இலையைச் சுத்தி இருந்த நீலம் திட்டுத் திட்டா மஞ்சள். காபி சிந்தின மாதிரி. வெளிச்சத்துல வெளுத்தா இருட்டுல திரும்பும்னு சொல்வாங்களே, ரெண்டு வாரம் அலமாரியில வச்சும் திரும்பல.

வேலந்தாவளத்திலிருந்து:
அண்ணே, அது வெளிச்சம் இல்ல. வெளிச்சத்துல வெளுத்தா படம் முழுக்க ஒரே சீரா மங்கும், இருட்டுல வச்சா பெரும்பாலும் நீலம் ஏறிடும். மஞ்சள் திட்டுன்னா காரம், அமிலத்துக்கு எதிரானது. நீலம் சிதைஞ்சு இரும்புத் துரு மட்டும் மிச்சம். சுண்ணாம்பும் ஈரமும் சேர்ந்தா தாளோட பின்பக்கத்துல இருந்தே ஊறி வரும். வினிகர்ல ஊறப்போட்டா மீண்டுடும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. சந்தேகம்னா பின்பக்கம் ஓரமா மஞ்சள்தூள் கரைச்ச தண்ணி ஒரு சொட்டு விடுங்க. சிவந்தா காரம்தான்.

குமுளியிலிருந்து:
சுவர்மேல மட்டும் பழி போட்டா எப்படி? உங்க பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கம் போர்த் தண்ணி உப்பும் சுண்ணாம்பும். அதுல அரைமணி நேரம் அலசினா அச்சு அப்பவே பாதி போயிடும். இங்க எனக்கு வந்த பரிசு ஒண்ணுலயும் அதே மங்கல்.

அலசும்போது முதல் தட்டுல 1 லிட்டர் தண்ணிக்கு ஒரு சிட்டிகை சிட்ரிக் அமிலம் போட்டு ஒரு நிமிஷம். அப்புறம் நல்ல தண்ணியில, மஞ்சள் வடியறது நிக்கிற வரைக்கும், 10 நிமிஷம் போல. கழிப்பறை ஆசிட்டை நீல அச்சுக் கலவைப் பக்கமே கொண்டு போகாதீங்க, அதுல இருக்கிற ஃபெரிசயனைடோட சேர்ந்தா விஷ வாயு.

கலவை: ஃபெரிக் அமோனியம் சிட்ரேட் 25 கிராம் 100 மில்லியில, பொட்டாசியம் ஃபெரிசயனைடு 10 கிராம் இன்னொரு 100 மில்லியில. தனித்தனி பழுப்பு பாட்டில். முதல் பாட்டில்ல பூஞ்சை படரும், வடிகட்டிக்கலாம். பூசுறதுக்கு முன்னால சம அளவு கலங்க. பூசின தாளை அன்னிக்கே வெயில் காட்டிடுங்க, ஈரக் காத்துல ஒரு ராத்திரி இருந்தா வெள்ளை இருக்க வேண்டிய இடமும் நீலம் பூக்கும். கறுக்க வேண்டிய பகுதி சாம்பல் தாண்டி வெண்கல நிறத்துக்கு வரணும். அதுக்கு முன்னாலயே எடுத்தா நீலம் பூரா அலசுற தண்ணியோட போயிடும். புதுசா செய்றவங்க எல்லாரும் இங்கதான் அவசரப்படுறாங்க.

தாளும் பாருங்க. "அமிலமற்றது"ன்னு போட்டிருக்கிற ஓவியத் தாள் பலதுல கால்சியம் கார்பனேட் கலந்திருக்கும். அதுவும் காரம்தான்.

செங்கோட்டையிலிருந்து:
நீலத்தை விடுங்க. வெள்ளி உப்புத் தாள்ல எடுக்கிற கறுப்பு வெள்ளை அச்சுலயும் பரிசோட பாழ் ஃபிரேம்லதான். மவுண்ட் அட்டை இல்லாம கண்ணாடியோட அழுத்தி மாட்டி, ஆரியங்காவு மழை ஈரம் பட்டு, படத்து மேல இருக்கிற ஜெலட்டின் பூச்சு கண்ணாடியோட ஒட்டிக்கிச்சு. கொடுத்தவங்க கண்ணு முன்னாலயே பிடிச்சு இழுத்தாங்க. மூஞ்சி கண்ணாடியிலயே நின்னுடுச்சு. இழுக்காதீங்க. கண்ணாடியோட சேர்த்துச் சுத்தத் தண்ணியில ஊறவச்சா தானா விடும், அதுவும் எப்பவும் இல்ல. படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவுல அட்டை இடைவெளி இருந்தா இந்தப் பாடே இல்ல.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:
மஞ்சள் சொட்டு விட்டுப் பார்த்தாச்சு. ஆரத்திச் சிவப்பு. தண்ணியா சுவரான்னு குமுளிக்காரர் கேட்பார். அதே தண்ணியில அலசின இன்னொரு அச்சு பெட்டிக்குள்ள நீலமா இருக்கு. அடுத்ததுக்கு எதுக்கும் மழைத் தண்ணி ரெண்டு குடம் பிடிச்சு வச்சிருக்கு.