ஃபீனிக்ஸ் வெயிலில் பொழுதைப் போக்குவது எப்படி? உங்கள் அனுபவங்களைச் சொல்லுங்கள்

கேட்பவர்: சாண்ட்லருக்குப் புதிதாக வந்தவர்

மே மாதக் கடைசியில் வேலை மாற்றலாகி அமெரிக்காவின் அரிசோனாவில், ஃபீனிக்ஸை ஒட்டிய சாண்ட்லருக்கு வந்தோம். திருச்சி வெயிலில் வளர்ந்த உடம்புதான். ஆனாலும் இங்கே அடிப்பது வேறு ரகம். காலை எட்டு மணிக்கே வெளியில் நிறுத்திய காரின் ஸ்டியரிங்கைத் தொட முடியவில்லை. குழாயை எந்தப் பக்கம் திருப்பினாலும் வெந்நீர்தான் வருகிறது. மனைவிக்கு வேலை அனுமதி இன்னும் வரவில்லை, ஏழு வயது மகளுக்குப் பள்ளி விடுமுறை. நான் அலுவலகம் போனபின் இருவரும் நான்கு சுவருக்குள் அடைந்து கிடக்கிறார்கள். மாலுக்குப் போய்ப் போய் அலுத்துவிட்டது. இந்த ஊரில் பல வருடம் இருப்பவர்கள் கோடையை எப்படிக் கழிக்கிறீர்கள்? இணையத்தில் கிடைக்கும் பட்டியல் வேண்டாம். நீங்களே போய்ப் பார்த்ததைச் சொல்லுங்கள்.

டெம்பியில் வசிக்கும் ஒரு அக்கா

தம்பி, முதலில் வீட்டுக் கடிகாரத்தை மாற்றுங்கள். இந்த ஊரில் ஜூன் முதல் செப்டம்பர் வரை நாள் என்பது விடிகாலை நான்கரைக்குத் தொடங்கி ஏழரைக்கு முடிந்துவிடும். மறுபடி சூரியன் விழுந்தபின்தான் ஆரம்பம். நடுவில் இருப்பதைப் பகல் என்று நினைக்காதீர்கள், அதை நம் ஊர் இரவைப்போல வைத்துக்கொள்ளுங்கள். ஜன்னலை மூடி, திரையை இழுத்துவிட்டு, சாப்பிட்டுத் தூங்கும் நேரம் அது. இந்த ஒரு ஏற்பாடு பழகிவிட்டால் பாதிப் புலம்பல் நின்றுவிடும்.

அந்த விடிகாலையில் மலை ஏறலாம். கேமல்பேக் மலை உச்சி 2,706 அடி. ஏழு வயதுப் பிள்ளையோடு அதில் ஏற வேண்டாம். எக்கோ கேன்யன் பாதையில் கம்பியைப் பிடித்துக்கொண்டு பாறைமேல் தவழ்ந்து ஏற வேண்டிய இடம் வரும். சவுத் மவுண்டன் பூங்காவுக்குப் போங்கள். 16,000 ஏக்கருக்கு மேல் பரந்த இடம், குழந்தைக்கு ஏற்ற சமதளப் பாதைகள் நிறைய உண்டு. ஒரு விஷயம்: கடும் வெப்ப எச்சரிக்கை விடுத்த நாள்களில் கேமல்பேக் போன்ற சில பாதைகளைப் பகலில் மூடிவிடுவார்கள். 2021 முதல் இருக்கும் ஏற்பாடு. முனகாமல் திரும்பிவிடுங்கள். வெளியூரிலிருந்து வந்து ஒற்றைத் தண்ணீர் பாட்டிலோடு ஏறி, தீயணைப்புத் துறை கீழே தூக்கிவரும்படி ஆனவர்கள் கதை ஒவ்வொரு கோடையிலும் செய்தியில் வரும்.

பகலுக்கு நூலகம். ஃபீனிக்ஸ் நகர மையத்தில் பர்ட்டன் பார் நூலகம் இருக்கிறது. லைட் ரயிலில் போய் இறங்கினால் கொஞ்சம் நடைதான். அங்கே ஆண்டுக்கு ஒருநாள் ஒரு வேடிக்கை நடக்கும். ஜூன் 21 வாக்கில், கோடையின் மிக நீண்ட பகலன்று, சூரியன் உச்சிக்கு வரும் கணத்தில், மேல்தளக் கூரையில் தூண்களுக்கு நேர்மேலே விட்டிருக்கும் துளைகள் வழியாக ஒளி இறங்கும். ஒவ்வொரு தூணின் தலையிலும் சுடர் ஏற்றியதுபோல் தெரியும். அதைப் பார்க்கவென்றே கூட்டம் கூடித் தரையில் உட்கார்ந்திருக்கும். வெளியே நின்றால் பொசுக்குகிற அதே வெயிலை, உள்ளே குளுகுளுவென்று உட்கார்ந்து கைதட்டி வரவேற்கிறார்கள்! எனக்கு இந்த ஊரின்மேல் முதன்முதலாகப் பிரியம் வந்தது அங்கேதான்.

நூலக அட்டை எடுத்தவுடன் அருங்காட்சியக அனுமதிச்சீட்டு பற்றி மேசையில் கேளுங்கள். சில இடங்களுக்கு இலவசமாகவே தருகிறார்கள். இசைக்கருவிகளுக்கென்று 2010இல் திறந்த அருங்காட்சியகத்துக்குச் சும்மா ஒரு மணி நேரம் என்று போகாதீர்கள், முழுநாளை ஒதுக்குங்கள். காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு ஒரு கருவியின் முன் போய் நின்றால் அதன் இசை தானாகக் கேட்கும், இரண்டடி தள்ளி நின்றால் வேறு நாட்டு இசை. கடைசியில் ஒரு கூடம் இருக்கிறது, அங்கே பிள்ளைகள் கருவிகளைத் தொட்டு வாசிக்கலாம். உங்கள் மகள் அங்கிருந்து லேசில் கிளம்ப மாட்டாள்.

மீசாவின் பழைய பகுதியில் வீடு வாங்கியவர்

அக்கா சொன்னதெல்லாம் சரி. நான் சொல்வது பொழுதுபோக்கில் சேருமா தெரியவில்லை, எனக்குச் சேரும்.

சொந்த ஊர் மன்னார்குடிப் பக்கம். பாலைவனத்துக்கு வந்தபின் வாய்க்கால் தண்ணீரைப் பார்ப்போம் என்று நான் நினைக்கவே இல்லை. வீடு வாங்கியபோது, இந்த மனைக்குப் பாசன உரிமை உண்டு என்று தரகர் சொன்னார். தோட்டத்துக் குழாயைச் சொல்கிறார் போலும் என்று விட்டுவிட்டேன். பக்கத்து வீட்டுப் பெரியவர்தான் ஒருநாள் கூப்பிட்டு, இன்று இரவு இரண்டு மணிக்கு உங்கள் முறை, எழுந்திருப்பீர்களா என்று கேட்டார்.

முறை! அந்தச் சொல்லைக் கேட்டு எத்தனை வருடம் ஆயிற்று.

இரண்டு மணிக்கு அவர் முழங்கால் உயர ரப்பர் பூட்ஸும் நெற்றியில் கட்டிய விளக்குமாக வந்து நின்றார். கொல்லை மூலையில் தரையிலிருந்து ஒரு முழம் நீட்டிக்கொண்டிருந்த கான்கிரீட் குழாயின் மூடியைக் காட்டி, இதைத் திருகுங்கள் என்றார். துரு ஏறிய கைப்பிடி, பலம் கொடுத்துத்தான் திருப்ப வேண்டியிருந்தது. முதலில் காற்று பொருமியது. பிறகு சருகும் நுரையுமாகக் கலங்கல் தண்ணீர் விளிம்பைத் தாண்டி வழிந்து, புல்லின்மேல் மெல்லப் பரவியது. அரை மணி நேரத்தில் எலுமிச்சை மரத்தடி வரை கணுக்கால் அளவு நின்றது. மனையைச் சுற்றி ஒரு சாண் உயரத்துக்கு மண்ணை அணைத்துவிட்டிருந்தது ஏன் என்று அப்போதுதான் புரிந்தது. ஈர மண் வாசனை வந்ததும் மனைவி மாடியிலிருந்து செருப்பில்லாமல் இறங்கி வந்துவிட்டாள். பெரியவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நேரம் முடிந்ததும் அடைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த வீட்டாரின் தண்ணீர் போய்விடும். அந்தச் சண்டைக்குத் தஞ்சாவூரும் ஒன்றுதான், மீசாவும் ஒன்றுதான்.

கோடையில் ஏறத்தாழ இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தண்ணீர் வரும். 1911இல் கட்டி முடித்த ரூஸ்வெல்ட் அணைக்குப் பிறகு வந்த ஏற்பாடு என்றுதான் இருந்தேன். பெரியவர் சிரித்துவிட்டு, செடவ் வாகி அருங்காட்சியகத்துக்குப் போய்வாருங்கள் என்றார். விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பியூப்ளோ கிராண்டே என்ற பழைய பெயரை 2023இல் மாற்றினார்கள். ஹோஹோகாம் என்று ஆய்வாளர்கள் அழைக்கும் மக்கள், சால்ட் ஆற்றிலிருந்து நூற்றுக்கணக்கான மைலுக்கு வாய்க்கால் வெட்டி இங்கே விவசாயம் செய்திருக்கிறார்கள். வெறும் மரக்கழியும் கல்லும் வைத்துக்கொண்டு! 1450 வாக்கில் அந்த ஊர்கள் காலியாயின. பின்னால் வந்து குடியேறியவர்கள் அந்தப் பழைய வாய்க்கால்கள் சிலவற்றைத் தூர்வாரித்தான் விவசாயத்தைத் தொடங்கினார்கள். பழைய ஊரின் இடிபாட்டிலிருந்து எழுவதால்தான், சாம்பலிலிருந்து எழும் கதைப் பறவையான ஃபீனிக்ஸின் பெயரையும் வைத்தார்கள். இது தெரிந்தபின் வாய்க்கால் கரையில் நடப்பது எனக்கு வாடிக்கையாகிவிட்டது. உங்கள் சாண்ட்லரிலும் வாய்க்கால்கள் ஓடுகின்றன. கரையோரப் பாதையில் சூரிய உதயத்தில் நடந்து பாருங்கள், கொக்கு நிற்கும்.

ஸ்காட்ஸ்டேலில் இருந்து

எல்லோரும் ஆகா ஓகோ என்கிறீர்கள். ஒரு எதிர்ப்பாட்டு வேண்டாமா?

2023இல் ஜூன் கடைசி முதல் ஜூலை முடிய 31 நாள் தொடர்ந்து 110 பாரன்ஹீட்டுக்குக் குறையவில்லை. அதாவது 43 டிகிரி செல்சியஸ். அதில் 16 நாள் இரவிலும் 32 டிகிரிக்குக் கீழே இறங்கவில்லை. அடுத்த ஆண்டு தொடர்ந்து 113 நாள் 100 பாரன்ஹீட்டுக்குக் குறையவில்லை. அந்தக் கோடைகளில் விடிகாலை நடையாவது ஒன்றாவது! நீச்சல் குளத்தில் இறங்கினால் அண்டாவில் வெந்நீர் வைத்துக் குளிப்பதுபோல் இருந்தது.

இந்த ஊர்க் கோடைக்கு ஒரே மருந்து, வாரக் கடைசியில் ஊரை விட்டுப் போவது. வடக்கே இரண்டரை மணி நேரம் கார் ஓட்டினால் ஃபிளாக்ஸ்டாஃப். 7,000 அடி உயரம், பைன் காடு, சாயங்காலம் ஸ்வெட்டர் தேட வேண்டியிருக்கும். 1930இல் புளூட்டோவைக் கண்டுபிடித்த லோவெல் வானாய்வகம் அங்கே இருக்கிறது, இரவில் தொலைநோக்கியில் நமக்கும் காட்டுகிறார்கள். தெருவிளக்கு வெளிச்சத்தை மட்டுப்படுத்தி வானத்தை இருட்டாக வைத்திருக்கும் ஊர் என்று 2001இல் உலகிலேயே முதன்முதலாக அந்த ஊரைத்தான் அங்கீகரித்தார்கள். மகளுக்கு ஆகாயகங்கையை வெறும் கண்ணால் காட்டலாம். ஞாயிறு மாலை மட்டும் திரும்பாதீர்கள். மொத்த ஃபீனிக்ஸும் அதே சாலையில் இறங்கிக்கொண்டிருக்கும்.

தெற்கே போவதானால் கார்ச்னர் குகை. வெளியே என்ன வெயில் அடித்தாலும் உள்ளே 21 டிகிரி சொச்சம்தான். 1974இல் கண்டுபிடித்த இருவர், ஆட்கள் புகுந்து கெடுத்துவிடுவார்களே என்று பல வருடம் வெளியில் மூச்சே விடவில்லை. 1999இல்தான் மக்களுக்குத் திறந்தார்கள். முன்பதிவு செய்துவிட்டுப் போங்கள்.

முனைவர் பட்ட மாணவி

கார் இல்லாதவள் நான். ஃபிளாக்ஸ்டாஃபுக்கு வாராவாரம் ஓட முடியாது. எனவே ஊருக்குள்ளேயே இருப்பதைச் சொல்கிறேன்.

கேமல்பேக் சாலையும் நாற்பதாம் தெருவும் சேரும் இடத்துக்கு அருகே, வாய்க்கால் ஓரமாக, வெள்ளநீர் வடியக் கட்டிய சுரங்கம் ஒன்று உண்டு. கோடை மாதங்களில் அதற்குள் ஆயிரக்கணக்கான வௌவால்கள் குடியிருக்கும். சூரியன் மறைந்து சற்று நேரத்தில் வெளியே கிளம்பும். முதலில் ஒன்றிரண்டு, பிறகு புகை கிளம்புவதுபோல் மொத்தமும். டிக்கெட் கிடையாது. பின்பக்கம் போய் நிற்காதீர்கள், தலையில் எச்சம் விழும்.

பருவமழையை விட்டுவிட்டீர்களே எல்லோரும். ஜூன் 15 முதல் செப்டம்பர் 30 வரை என்று இங்கே கணக்கு. மழைக்கு முன்னால் சிலசமயம் ஹபூப் என்ற புழுதிப் புயல் வரும். மண்ணிறச் சுவர் ஒன்று அடிவானத்தை மறைத்துக்கொண்டு நகர்ந்து வரும். வீட்டுக்குள்ளிருந்து பார்க்க அதைவிடப் பெரிய காட்சி இல்லை. காரில் இருக்கும்போது வந்தால் சாலையை விட்டு நன்றாக ஒதுங்கி நிறுத்தி, எல்லா விளக்கையும் அணைத்து, பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிட வேண்டும். விளக்கு எரிந்தால், முன்னே வண்டி ஓடுகிறது என்று நினைத்துப் பின்னால் வருபவர் உங்கள்மேல் மோதுவார். இது தெரியாமல் இங்கே கார் ஓட்டக் கூடாது. மழை பெய்தவுடன் பாலைவனத்தில் கிரியோசோட் என்ற புதரிலிருந்து ஒரு வாசனை எழும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், அவ்வளவுதான் சொல்வேன்.

கில்பர்ட்டில் தோட்டம் போடுபவர்

முருங்கையும் மல்லிகையும் இங்கே நன்றாக வருகின்றன. பனி விழும் ஓரிரு இரவில் முருங்கை கருகும், மார்ச்சில் அடியிலிருந்து தழைத்துவிடும். கறிவேப்பிலையைத் தொட்டியில் வையுங்கள், மேற்கு வெயில் படாமல் நிழல்வலை கட்டுங்கள். சாலையோரத்தில் நிற்கும் மெஸ்கீட் மரத்தைப் பார்த்து எங்கேயோ பார்த்த முகமாக இருக்கிறதே என்று தோன்றும். நம் ஊர்ச் சீமைக் கருவேலத்தின் சொந்தக்காரன்தான். நாம் வெட்டி எறியப் படாத பாடு படுகிறோம். இங்கே அதன் காயைப் பொறுக்கி மாவாக அரைத்து ரொட்டி சுடுகிறார்கள். தித்திப்பாகத்தான் இருக்கிறது.

மகளுக்கு என்று கேட்டீர்கள். புற ஊதா டார்ச்சு ஒன்று வாங்கிக்கொடுத்து, இருட்டியபின் மதில் ஓரம் கூட்டிப் போங்கள். அந்த ஒளி பட்டால் தேள் பச்சையாக மின்னும். எங்கள் வீட்டில் இரவுச் சாப்பாடு முடிந்ததும் பிள்ளைகள் ஷூ மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். முதல்நாள் மதில் பிளவிலிருந்து ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. உடம்பு முழுக்கப் பச்சை, கொடுக்கு மட்டும் ஒருபக்கமாகச் சாய்ந்து கிடந்தது. சின்னவன் மூச்சுவிடாமல் பார்த்தான். பார்க்க மட்டும்தான் அனுமதி, தொடக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். பட்டைத் தேள் என்று இங்கே இருப்பது சிறியது, ஆனால் கடுமையான விஷம்.

கேட்டவர்

எல்லோருக்கும் நன்றி. 21ஆம் தேதி நூலகத்துக்குப் போக மனைவி இப்போதே நாள்காட்டியில் வட்டம் போட்டுவிட்டாள். மகள் தேளைத் தவிர வேறு எதுவும் வேண்டாம் என்கிறாள். எந்த டார்ச்சு வாங்குவது? கில்பர்ட் அண்ணா, வாடகை வீட்டில் இருக்கிறோம், மதில் கான்கிரீட் கல்லில் கட்டியது.

கில்பர்ட்டில் தோட்டம் போடுபவர்

கான்கிரீட் கல் மதிலா? அதுதான் தேளுக்கு மாளிகை. 395 நானோமீட்டர் என்று போட்ட மலிவான டார்ச்சே போதும், 365 என்றால் இன்னும் துலக்கமாகத் தெரியும். ஒன்பது மணிக்கு மேல் கிளம்புங்கள், நிலா இல்லாத இரவு நல்லது. கல்லின் இடுக்குகளையும், சொட்டுநீர்க் குழாய் கசியும் இடத்தையும் முதலில் பாருங்கள். திரும்பி வந்ததும் ஷூவை வாசலிலேயே கழற்றுங்கள். மறுநாள் காலில் மாட்டுமுன் கவிழ்த்துத் தட்டிவிட்டு மாட்டச் சொல்லுங்கள், குழந்தைக்கு மட்டுமல்ல, உங்களுக்கும் சேர்த்துத்தான்.