ஸ்கேனில் 7 வாரம், அட்டையில் 9 வாரம்: எந்தக் கணக்கு சரி?

கேள்வி
எனக்குக் கடைசியாக மாதவிலக்கு வந்தது 2025 ஜனவரி 10. வளைகுடாவில் வேலை செய்யும் கணவர் விடுமுறையில் ஊருக்கு வந்தது ஜனவரி 25. மார்ச் 14 அன்று எடுத்த ஸ்கேனில் கருவின் நீளம் 15 மி.மீ., வயது 7 வாரம் 6 நாள், பிரசவத் தேதி அக்டோபர் 25 என்று அச்சாகியிருக்கிறது. செவிலியரோ அட்டையில் 9 வாரம், அக்டோபர் 17 என்று எழுதியிருக்கிறார். ஸ்கேன் கணக்கையே நம்பிப் பின்னோக்கி எண்ணினாலும் ஜனவரி 18-இல் போய் நிற்கிறது. அன்று அவர் ஊரிலேயே இல்லை. மாமியார் வாய் திறந்து எதுவும் கேட்கவில்லை. ஆனால் சமையலறைக் காலண்டரில் விரல் வைத்து எண்ணிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். எனக்கு மாதவிலக்கு 36 நாளுக்கு ஒருமுறைதான் வரும்.

பதில் 1
ஸ்கேன் இயந்திரம் தவறு செய்திருக்கும். வேறு இடத்தில் இன்னொரு முறை எடுத்துப் பாருங்கள்.

பதில் 2
நான் ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர். இயந்திரமும் தவறு செய்யவில்லை, அட்டை எழுதியவரும் தவறு செய்யவில்லை, சகோதரி. கரு தரித்த நாள் பெரும்பாலும் யாருக்கும் தெரியாது என்பதால், கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்தே வாரத்தை எண்ணுவது உலக வழக்கம். ஆகவே முதல் இரண்டு வாரங்களில் வயிற்றில் கருவே இருக்காது. ஸ்கேன் காட்டும் வயதிலும் அந்த இரண்டு வாரம் சேர்ந்தே வருகிறது; ஜனவரி 18-உடன் 14 நாளைக் கூட்டினால் பிப்ரவரி 1 வரும்.

இப்போது உங்கள் சுழற்சியைப் பார்ப்போம். அடுத்த மாதவிலக்குக்கு ஏறத்தாழ 14 நாள் முன்பு கருமுட்டை வெளியாகும். 36 நாள் சுழற்சியில் அது 22 நாள் கழித்து. ஜனவரி 10-உடன் 22 நாளைக் கூட்டினாலும் அதே பிப்ரவரி 1தான். அட்டைக் கணக்கு 28 நாள் சுழற்சிக்கானது. உங்கள் 8 நாள் வித்தியாசம் அங்கிருந்தே வந்தது.

முதல் மூன்று மாதத்துக்குள் எடுத்த ஸ்கேனே வயதை மிக நெருக்கமாகச் சொல்லும். மாதவிலக்குக் கணக்கில் 9 வாரத்திலிருந்து 13 வாரம் 6 நாள் வரை, இரு கணக்குக்கும் 7 நாளுக்கு மேல் வேறுபாடு இருந்தால் ஸ்கேன் தேதியை எடுத்துக்கொள்வது வழக்கம். மருத்துவரிடம் காட்டி அட்டையில் திருத்தி வாங்குங்கள். 11 வாரம் முதல் 13 வாரம் 6 நாளுக்குள் எடுக்க வேண்டிய என்.டி. ஸ்கேனுக்கு (கருவின் பின்கழுத்தில் உள்ள நீரின் தடிமனை அளப்பது), பழைய கணக்கை நம்பி மார்ச் 28-இலேயே போனால் கரு இன்னும் 10 வாரத்தையே எட்டியிருக்காது. ஏப்ரல் 5-க்கும் 25-க்கும் இடையே போங்கள். பிறகு எடுக்கும் ஸ்கேன்களில் வேறு தேதி வந்தாலும் குழம்ப வேண்டாம். முதலில் உறுதிசெய்த தேதி மாறாது.

கேட்டவர்
மிக்க நன்றி அம்மா. ஆனால் ஒன்பது மாதம், பத்து மாதம் என்று வீட்டில் இருவிதமாகச் சொல்கிறார்களே?

பதில் 2
மொத்தம் 280 நாள். காலண்டர் மாதமாக எண்ணினால் ஒன்பது மாதமும் ஒரு வாரமும். 28 நாளை ஒரு மாதமாக எண்ணினால் சரியாகப் பத்து.

கேட்டவர்
மருத்துவர் அக்டோபர் 25 என்று திருத்திக் கையெழுத்திட்டுவிட்டார். உங்கள் பதிலை மாமியாரிடம் வாசித்துக் காட்டினேன். அவரே காலண்டரைப் புரட்டி எண்ணி, பிப்ரவரி 1-இல் விரலை நிறுத்தி, "அவன் வந்த அடுத்த சனிக்கிழமை" என்றார்.