விலைவாசியைக் கிண்டல் செய்யும் காசுகள்: இதைத் தனியாகச் சேர்க்கிறவர்கள் இருக்கிறீர்களா?

டார்ட்முண்ட் மலர்:
எல்லோருக்கும் வணக்கம். போன ஞாயிறு இங்கே ஜெர்மனியில் பழஞ்சாமான் சந்தையில் எட்டு யூரோ கொடுத்து வெண்கல நிறத்தில் ஒரு வில்லை வாங்கினேன். பழைய காசு என்றுதான் நினைத்தேன். வீட்டுக்கு வந்து கண்ணாடி போட்டுப் பார்த்தால் காசுக்குரிய மதிப்பு எங்குமே இல்லை, விலைப்பட்டியல்தான் இருக்கிறது! 1923 நவம்பர் 1 அன்று ஒரு பவுண்டு ரொட்டி 3 மில்லியார்டன் மார்க், ஒரு பவுண்டு இறைச்சி 36 மில்லியார்டன், ஒரு கிளாஸ் பியர் 4 மில்லியார்டன். மில்லியார்டன் என்பது நம் கணக்கில் நூறு கோடி. அப்படியானால் அரைக் கிலோ ரொட்டி 300 கோடி மார்க்.

"மளிகைக் கடைச் சீட்டை யாராவது உலோகத்தில் அடிப்பார்களா?" என்று கணவர் சிரிக்கிறார். எனக்கென்னவோ இந்த மாதிரிக் கிண்டல் சாமான்களை மட்டும் சேர்க்கலாம் என்று ஆசை வந்துவிட்டது. ஜிம்பாப்வேயின் நூறு டிரில்லியன் டாலர் நோட்டு ஒன்று ஏற்கெனவே கையில் இருக்கிறது. வேறு என்னென்ன தேடலாம்? இன்னொன்று, வில்லையின் ஓரத்தில் கறுப்பு படிந்திருக்கிறது. புளி போட்டுத் தேய்க்கலாமா?

செல்லாக்காசு:
முதலில் புளியைக் கீழே வையுங்கள், மலர். அந்தக் கறுப்புக்கு நூறு வயது. தேய்த்துப் பளபளப்பாக்கினால் வாங்குகிறவன் பாதி விலைதான் சொல்வான்.

எட்டு யூரோவுக்கு நட்டமில்லை. ஆனால் கிண்டல் என்கிறீர்களே, அதுதான் எனக்கு உதைக்கிறது. மறுபக்கத்தில் ஜெர்மன் மொழியில் "ஜெர்மன் மக்களின் துன்பப் பாதை" என்ற பொருளில் எழுதியிருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது சிரிக்க அடித்ததில்லை, மறக்கக்கூடாது என்று அடித்தது. அதே மாதம் 15ஆம் தேதி ரென்டன்மார்க் என்ற புது நாணயம் வந்தபோது ஒரு லட்சம் கோடி பழைய மார்க்குக்கு ஒரே ஒரு புது மார்க் என்று கணக்குத் தீர்த்தார்கள். வங்கியில் சேமிப்பு வைத்திருந்தவன் கதி என்ன ஆகியிருக்கும்?

நிஜமான கிண்டல் வேண்டுமென்றால் என் ஊர்ப்பக்கம் வாருங்கள். நான் இருப்பது ஒஹாயோவில் கான்டன். 1896 அமெரிக்க அதிபர் தேர்தலில் ஜெயித்த மெக்கின்லியின் ஊர். அவரை எதிர்த்து நின்ற பிரையன், பதினாறு பங்கு வெள்ளிக்கு ஒரு பங்கு தங்கம் என்ற கணக்கில் வெள்ளியைத் தாராளமாகக் காசாக்க வேண்டும் என்றார். காசு பெருகினால் விலை ஏறும், கடன் சுலபமாகத் தீரும் என்பதால், விளைச்சலின் விலை விழுந்து கடனில் மாட்டியிருந்த விவசாயிகளுக்கு அது நல்ல சேதி. கடன் கொடுத்தவர்களுக்கு வயிற்றில் புளி. அப்போது சந்தையில் ஒரு டாலர் காசிலிருந்த வெள்ளி ஏறக்குறைய அரை டாலர்தான் பெறும். அதைச் சொல்லிக் காட்டப் பெரிய பெரிய போலி டாலர்களை அச்சிலும் வார்ப்பிலும் செய்து தள்ளினார்கள். பிரையன் மணி, அதாவது பிரையன் பணம், என்றால் சேகரிப்பாளர்களுக்குத் தெரியும்.

என்னிடம் இரண்டு உண்டு. ஒன்று ஈயக் கலவை, உள்ளங்கை நிறையும், "யுனைடெட் ஸ்டேட்ஸ்" என்பதை "யுனைடெட் ஸ்னேக்ஸ்" (பாம்புகள்) ஆக்கியிருப்பார்கள். தொட்டால் கை கழுவிவிடுவேன். இன்னொன்று கோரம் வெள்ளிக் கடைக்காரர்கள் அடித்தது. அரசாங்க டாலரில் இருப்பது 412½ கிரெயின் (சின்ன எடை அளவு) வெள்ளி, ஒரு தங்க டாலருக்குச் சமம் வேண்டுமென்றால் 823 கிரெயின் வேண்டும் என்று அதன் மேலேயே எழுதி, 1896 செப்டம்பர் 16 என்று தேதியும் போட்டிருக்கிறார்கள். 53 கிராமுக்கு மேல் எடை. ஓய்வு பெற்ற கணக்குப்பிள்ளை நான், இதைப் பார்த்தால் ரசிக்காமல் இருக்க முடியுமா? ஆனால் இது ஏற்கெனவே ஏறிய விலைவாசியைக் கிண்டல் செய்யவில்லை என்பதைக் கவனியுங்கள். ஏறிவிடுமோ என்று பயந்தவர்கள், ஏறட்டும் என்று ஏங்கியவர்களைக் கிண்டல் செய்தது. யார் யாரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று பிரித்து அடுக்கினால் உங்கள் ஆல்பத்துக்கே ஒரு ருசி வரும்.

மலிவாகத் தொடங்க, சட்டையில் குத்திக்கொள்ளும் 1974 வின் பட்டன் நல்லது. விலைவாசியை இப்போதே விரட்டுவோம் என்று அமெரிக்க அதிபர் ஃபோர்டு அக்டோபர் 8 அன்று நாடாளுமன்றத்தில் பேசினார். அந்த முழக்கத்தின் ஆங்கில முதலெழுத்துகள்தான் வின் (WIN). அந்த ஆண்டு விலைவாசி ஏற்றம் 12 சதவீதத்தைத் தொட்டது. ஜனங்கள் பட்டனைத் தலைகீழாகக் குத்திக்கொண்டு "நிம்" (NIM) என்று படித்தார்கள். உடனடி அதிசயம் எதுவும் கிடையாது என்று அதற்கு விரிவாக்கம் வேறு. நான் மூன்று டாலருக்கு வாங்கினேன், தலைகீழாகத்தான் வைத்திருக்கிறேன்.

ஓட்டைக்காலணா:
ரொட்டியைவிட பியர் விலை அதிகமா! நல்ல ஊர்.

அந்த ஜிம்பாப்வே நோட்டைப் பத்திரமாக வையுங்கள். நூறு டிரில்லியன் என்றால் நம் கணக்கில் சரியாக ஒரு கோடி கோடி. பேச்சுக்குச் சொல்கிற கோடானுகோடியை அச்சடித்தே கொடுத்துவிட்டார்கள். 2015ல் அதைத் திரும்ப வாங்கிக்கொண்டபோது ஒரு நோட்டுக்கு 40 அமெரிக்க சென்ட்தான் கணக்கு. இன்று சேகரிப்பாளர்கள் அதைவிடப் பல மடங்கு தருகிறார்கள். அதனால்தான் போலியும் வருகிறது. தங்க நிறத் தகட்டில் மினுமினுப்பாக விற்பது வெறும் பொம்மை, ஏமாறாதீர்கள். ஒன்று ஏமாந்தவன் சொல்கிறேன்.

டார்ட்முண்ட் மலர்:
எல்லோருக்கும் நன்றி. செல்லாக்காசு ஐயா, நீங்கள் சொன்ன வாசகமேதான் மறுபக்கத்தில் இருக்கிறது. படித்துக் காட்டினேன், கணவர் இந்த முறை சிரிக்கவில்லை. புளி குழம்புக்குப் போய்விட்டது.

அதே கடைக்காரரிடம் இன்னொன்றும் பார்த்தேன். உள்ளங்கை அகலம், ஒரு பக்கம் துள்ளும் குதிரை, மறுபக்கம் ஃபொம் ஸ்டைன் என்பவரின் முகம். "1 பில்லியன் மார்க், 1923" என்று போட்டிருக்கிறது. நாற்பது யூரோ கேட்கிறார்.

செல்லாக்காசு:
வெஸ்ட்ஃபாலியா, உங்கள் மாநிலத்துக் காசுதான்! ஜெர்மன் பில்லியன் என்றால் ஒரு லட்சம் கோடி, அமெரிக்கக் கணக்கில் படித்துவிடாதீர்கள். 60 மில்லிமீட்டர் அகலம் இருக்க வேண்டும். அடுத்த ஞாயிறு அளவுகோலும் சின்னத் தராசும் எடுத்துப் போங்கள். அளந்துவிட்டு, விளிம்பையும் சேர்த்துப் படம் போடுங்கள். அதுவரை காசைக் கொடுக்காதீர்கள்.