பிரித் மிலா: அப்பா சொல்லும் துதி ஏன் வெட்டிய பிறகு வருகிறது?

ரெஹோவோத்வாசி:
வணக்கம். ஆராய்ச்சி வேலைக்காக இஸ்ரேல் வந்து இரண்டு வருடம் ஆகிறது. போன வாரம் லேபில் கூட வேலை செய்யும் யூத நண்பரின் மகனுக்கு பிரித் மிலா, அதாவது விருத்தசேதனம், பிறந்த எட்டாம் நாள், என்னையும் கூப்பிட்டிருந்தார். குழந்தையை முதலில் எலியா தீர்க்கதரிசிக்கென்று போட்டிருந்த நாற்காலியில் ஒரு கணம் கிடத்தி, பிறகு தாத்தா மடியில் தலையணை வைத்து அதன்மேல் படுக்க வைத்தார்கள். விருத்தசேதனம் செய்பவரான மொஹேல் ஒரு துதி சொல்லிக் கத்தியை வைத்தார், குழந்தை வீறிட்டது, அதற்கப்புறம்தான் அப்பா நடுங்கும் குரலில் இன்னொரு துதி சொன்னார். ரொட்டி தின்பதானாலும் வாசல் நிலையில் மெசூசா என்ற வேத வசனச் சுருளைப் பதிப்பதானாலும் முதலில் துதி, பிறகுதான் செயல் என்று இதே நண்பர்தான் எனக்குச் சொல்லியிருக்கிறார். இங்கே மட்டும் ஏன் மாறுகிறது? இன்னொன்று, அவர் ஷெஹெஹெயானு என்ற துதியும் சொன்னார். அமெரிக்காவிலிருந்து வந்த அவர் சித்தப்பா, "எங்கள் ஊரில் இதைச் சொல்ல மாட்டோம்" என்றார்.

பழைய ஏடு:
இதே கேள்விக்கு 12ஆம் நூற்றாண்டு பிரான்சில் அண்ணன் தம்பி இரண்டு பேர், பெரிய வேத உரைகாரர் ராஷியின் பேரன்கள், எதிரெதிராகப் பதில் சொன்னார்கள். அப்பா சொல்வது "ஆபிரகாமின் உடன்படிக்கைக்குள் இவனைக் கொண்டு சேர்க்க" என்ற துதி. இனி நடக்கப்போவதைச் சொல்கிற வாசகம் என்பதால் வெட்டுக்கு முன்னால்தான் சொல்ல வேண்டும் என்றார் அண்ணன் ரஷ்பாம். தம்பி ரப்பேனு தாம் ஒப்புக்கொள்ளவில்லை. யூதச் சட்ட விவாதங்களின் பழைய தொகுப்பான தல்மூதில் மொஹேல், அப்பா, கூடி நிற்பவர்கள் என்றுதான் வரிசை, அப்பா சொல்வது இறைவனுக்கு நன்றியும் புகழும், அதனால் பின்னால் வரலாம் என்றார்.

1565இல் வெனிஸில் அச்சான ஷுல்கான் அரூக் என்ற யூதச் சட்ட நூல் சொல்வது எனக்கு மிகவும் பிடிக்கும். முன்தோலை வெட்டியதற்கும் பெரியாவுக்கும் நடுவில் அப்பா சொல்ல வேண்டும். பெரியா என்றால் அடியில் உள்ள மெல்லிய சவ்வைக் கிழித்துப் பின்னுக்குத் தள்ளுவது. அதைச் செய்யாவிட்டால் வெட்டாததற்குச் சமம் என்கிறது தல்மூதுக்கு அடிப்படையான மிஷ்னா. ஆக, அப்பா வாய் திறக்கும்போது காரியம் பாதியில்தான் இருக்கிறது, துதி முந்திக்கொண்டதாகவே கணக்கு. உடனே எல்லோரும் சேர்ந்து ஒரு வரி சொல்லியிருப்பார்களே, அது "உடன்படிக்கைக்குள் வந்ததுபோலவே தோராவுக்கும் மணப்பந்தலுக்கும் நற்செயல்களுக்கும் வந்து சேரட்டும்" என்பது.

கடலோரம்:
ஷெஹெஹெயானு என்பது "இந்த நாள்வரை எங்களை வாழவைத்தாயே" என்ற துதி. 12ஆம் நூற்றாண்டு யூதச் சட்ட அறிஞர் மைமோனிடீஸ் சொல்லச் சொல்கிறார், இஸ்ரேலில் அதுதான் வழக்கம். வெளிநாட்டில் உள்ள அஷ்கெனாசிகள், அதாவது ஐரோப்பிய வழி யூதர்கள், சொல்வதில்லை, குழந்தைக்கு வலிக்கிறதே என்று ஒரு காரணம் காட்டுவார்கள்.

அந்த வலியை யூதச் சட்டம் சாப்பாட்டின்போதும் மறக்கவில்லை. கல்யாண விருந்து முடிந்து நன்றி சொல்லும்போது "யாருடைய உறைவிடத்தில் மகிழ்ச்சி உண்டோ" என்று சேர்ப்பார்கள். ஒரு விருத்தசேதன விருந்தில் ரவ் ஹபீபா என்ற ரபி அதைச் சொன்னார் என்றும், குழந்தைக்கு வேதனை இருப்பதால் சட்டம் அவர் பக்கம் இல்லை என்றும் தல்மூத் எழுதி வைத்திருக்கிறது. வீடு நிறைய விருந்தாளி, ஆனால் பக்கத்து அறையில் எட்டு நாள் குழந்தை வலியோடு படுத்திருக்கிறது, அதற்காக ஒரு சொல்லை விட்டுவிடுகிறார்கள். படித்தபோது கண் கலங்கிவிட்டது.

தானே லோக்கல்:
வீட்டுச் சடங்கு என்றால் பெனே இஸ்ரேல் மக்களின் மலீதாவையும் சொல்ல வேண்டும். கொங்கண் பகுதி யூதர்கள் இவர்கள். எங்கள் கட்டடத்தில் ஒரு குடும்பம் இருந்தது. விருத்தசேதனம் போன்ற நல்ல காரியங்களுக்கு எலியாவின் பெயரால் பாட்டுப் பாடி, அவலில் தேங்காய்த் துருவலும் சர்க்கரையும் கலந்து, சுற்றிலும் பழங்கள் அடுக்குவார்கள். மரத்தில் காய்ப்பதற்கு ஒரு துதி, மண்ணில் விளைவதற்கு வேறு. வாழைப்பழம் மண் கணக்கில்தான் வரும், ஏனென்றால் தார் ஈன்றதும் வாழை பட்டுப்போகிறது, அது மரமே இல்லை. அந்த வீட்டுப் பாட்டி தோலை உரித்துக்கொண்டே எனக்கு இதைச் சொன்னார்.

ரெஹோவோத்வாசி:
எல்லோருக்கும் நன்றி. பெயர் சூட்டும்போது "உன் இரத்தத்தில் பிழைத்திரு" என்ற எசேக்கியேல் வசனம் வந்தது, மொஹேல் விரலை ஒயினில் நனைத்துக் குழந்தையின் உதட்டில் வைத்தார், சப்பிக்கொண்டே அழுகையை நிறுத்தியது. மூத்த பிள்ளை என்பதால் 31ஆம் நாள் மீட்புச் சடங்குக்கும் கூப்பிட்டிருக்கிறார், ஆசாரியர் வம்சத்தவரான கோஹேன் ஒருவரிடம் ஐந்து வெள்ளிக் காசு கொடுப்பார்களாம். போய்வந்து இங்கேயே எழுதுகிறேன்.