பொம்மைச் சிப்பாய்களில் பெயிண்ட் உரிகிறது, குதிரைகளில் பிசுபிசுப்பு போகவில்லை – உதவி தேவை

காவேரிப்பட்டணம்_படை:

எல்லோருக்கும் வணக்கம். 1791 நவம்பரில் கர்னல் மேக்ஸ்வெல் கிருஷ்ணகிரிக் கோட்டையைத் தாக்கிய சண்டையை மேசை மேல் ஆடிப் பார்க்க இரண்டு படை தயார் செய்துகொண்டிருக்கிறேன். கும்பினிப் படை (கிழக்கிந்தியக் கம்பெனி) கீழ்க்கோட்டையைப் பிடித்துவிட்டு, மேல்கோட்டைக்கு ஏற முடியாமல், மேலே இருந்த திப்புவின் மைசூர் ஆட்கள் உருட்டிவிட்ட பாறைகளில் அடிபட்டுத் திரும்பியதே, அந்தச் சண்டைதான். தெர்மாகோலில் மலை முடிந்துவிட்டது. பாறைக்குக் குறைச்சல் இல்லை, நம் ஊரில் கிரானைட் சில்லு எங்கே பார்த்தாலும் கிடக்கிறது. தொல்லை எல்லாம் ஆட்களிடம்தான்.

எல்லாமே 1/72 அளவு. ஆள் உயரம் இரண்டரை சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு.

காலாட்படை: ஆன்லைனில் வாங்கிய நெப்போலியன் காலத்து ஆங்கிலச் சிப்பாய்கள். வெளிர் சந்தன நிறப் பிளாஸ்டிக், நன்றாக வளைகிறது. ஹார்டுவேர் கடையில் வாங்கிய வெள்ளை ஸ்ப்ரே பிரைமர் (அடிப்பூச்சு) அடித்து, மேலே அக்ரிலிக் தீட்டினேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஒரு முறை ஆடி முடித்ததும் துப்பாக்கிக் குழல், ஈட்டி முனை, கணுக்கால் இங்கெல்லாம் பெயிண்ட் வெங்காயச் சருகு மாதிரி கழன்று வந்துவிட்டது. பிரைமரும் சேர்ந்தே வருகிறது.

குதிரைப்படை: நண்பர் கொடுத்த பழைய பொம்மைகள். ரப்பர் மாதிரி இருக்கும். அதே ஸ்ப்ரேதான் அடித்தேன். இன்றுவரை கையில் ஒட்டுகிறது. மொட்டை மாடி வெயிலில் வைத்தும் காயவில்லை. தூசியும் பூனை முடியும் ஒட்டிக்கொண்டு குதிரைகளுக்குப் புதுசாக ரோமம் முளைத்த மாதிரி ஆகிவிட்டது.

பீரங்கிகள் கெட்டிப் பிளாஸ்டிக். அவற்றில் எந்தப் பிரச்சினையும் இல்லை.

ஒரே ஸ்ப்ரே எப்படி மூன்று விதமாக நடந்துகொள்ளும்? பிரைமரை மாற்ற வேண்டுமா, பொம்மையையே மாற்ற வேண்டுமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

தொப்பூர்_கணவாய்:

உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிட்டு அடிங்க தம்பி, பிடிச்சுக்கும். மரத்துக்கு அப்படித்தானே செய்றோம்.

பென்னாகரம்_வாத்தியார்:

மேலே சொன்ன நண்பர் கோபித்துக்கொள்ளக் கூடாது. வளையும் பிளாஸ்டிக்கை உப்புத்தாளில் தேய்த்தால் பஞ்சு பஞ்சாகப் பிசிறு கிளம்பும், முகத்தில் மூக்கும் போய்விடும். பெயிண்டும் நிற்காது.

தம்பி, உங்களிடம் இருப்பது ஒரு பிளாஸ்டிக் அல்ல என்று நினைக்கிறேன். முதலில் ஒரு வேலை செய்யுங்கள். பெயிண்ட் அடிக்காத சிப்பாய் ஒன்று, குதிரை ஒன்று, பீரங்கி ஒன்று எடுத்து ஒரு சொம்புத் தண்ணீரில் போடுங்கள். ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவமும் விட்டுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் ஒட்டியிருக்கும் காற்றுக்குமிழே பொம்மையைத் தூக்கிப் பிடித்து ஏமாற்றிவிடும். விரலால் அழுத்தி அடியில் விட்டுப் பாருங்கள். எது மேலே வருகிறது, எது கிடக்கிறது என்று சொல்லுங்கள், மற்றதைப் பிறகு பேசலாம்.

காவேரிப்பட்டணம்_படை:

ஐயா, செய்துவிட்டேன். சிப்பாய் எத்தனை தடவை அழுத்தினாலும் மேலே வந்துவிடுகிறான். குதிரையும் பீரங்கியும் அடியில் போய் உட்கார்ந்துகொண்டன.

பென்னாகரம்_வாத்தியார்:

அப்படியானால் விஷயம் தெளிவு. மிதக்கும் சிப்பாய் பாலிஎத்திலீன். தண்ணீரைவிட அடர்த்தி குறைவு, 0.91-லிருந்து 0.97-க்குள் இருக்கும். தண்ணீர்க்குடமும் பிளாஸ்டிக் பையும் செய்கிற அதே குடும்பம். இந்தப் பிளாஸ்டிக்கின் மேற்பரப்பில் எதுவும் ஒட்டிக்கொள்ளாது, பெயிண்டும் சரி, பசையும் சரி. உங்கள் பிரைமர் அதைப் பிடிக்கவே இல்லை, சும்மா போர்த்திக்கொண்டு நின்றது. துப்பாக்கிக் குழல் வளைந்ததும் போர்வை கிழிந்தது. தடிமனான உடம்புப் பகுதி வளையாததால் அங்கே மட்டும் தப்பித்தது.

மூழ்குகிற, வளைகிற குதிரை பிவிசி. பிவிசியை மிருதுவாக்க எண்ணெய் போன்ற ஒரு பொருளைச் சேர்ப்பார்கள். ஸ்ப்ரேயில் இருக்கும் கரைப்பான் அதை வெளியே இழுத்துவிடும். அது பெயிண்டுக்குள் கலந்துவிட்டால் பெயிண்ட் கடைசிவரை இறுகாது. வெயிலில் வைத்தால் இன்னும் அதிகமாகக் கசியுமே ஒழியக் காயாது.

மூழ்குகிற, வளையாத பீரங்கி பாலிஸ்டைரீன். பெயிண்டுக்கு இதுதான் நல்ல பிள்ளை.

ஆக மூன்றுக்கும் மூன்று வைத்தியம். மிதப்பவனுக்கு என்ன பூசுவது என்பதை வண்டிப் பட்டறைக்காரர்கள்தான் சொல்ல வேண்டும், பாடப் புத்தகத்தில் அது இல்லை.

ஓசூர்_பம்பர்:

கூப்பிட்டதற்கு வந்துவிட்டேன் வாத்தியாரே. எனக்குத் தினமும் இதே வேலைதான், ஆனால் பொம்மையில் இல்லை, கார் பம்பரில்.

பம்பர் பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன். அதுவும் தண்ணீரில் மிதக்கிற ஜாதிதான், அதிலும் சாதா பிரைமர் நிற்காது. அதனால்தான் நாங்கள் முதலில் பிபி பிரைமர், அதாவது பாலிபுரொப்பிலீனுக்கான பிரைமர், அடிப்போம். பெயிண்ட் கடையில் இந்தப் பெயரைச் சொல்லியே கேளுங்கள். வெறும் 'பிளாஸ்டிக் பிரைமர்' என்றால் வேறு எதையாவது எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். சின்ன டின்னும் கிடைக்கும், ஸ்ப்ரே கேனும் கிடைக்கும். பார்க்கத் தண்ணீர் மாதிரி இருக்கும், அடித்த பிறகு அடித்த மாதிரியே தெரியாது. 'ஒன்றுமே விழவில்லையே' என்று மேலே மேலே அடித்துவிடாதீர்கள். இது மூடுவதற்கான பெயிண்ட் இல்லை, ஒட்டவைப்பதற்கான பொருள். லேசாக ஒரு தூவல், அவ்வளவுதான். கனமாக அடித்தால் அதுவே தோலாக உரியும். டின்னில் எத்தனை நிமிடத்துக்குள் அடுத்த கோட் அடிக்கச் சொல்லியிருக்கிறதோ அதற்குள் அடித்துவிட வேண்டும். நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டால் பிடிப்பு போய்விடும்.

அதற்கு முன்னால் கழுவுவதுதான் பாதி வேலை. அச்சிலிருந்து சுலபமாகக் கழன்று வருவதற்காகத் தடவிய பொருள் பொம்மை மேல் இருக்கும். வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திர சோப்பு, பழைய டூத் பிரஷ். தொப்பியின் மடிப்பு, பைகளின் அடிப்பக்கம், கால் இடுக்கு எல்லாம் தேய்த்து அலசிக் காய வையுங்கள். காய்ந்த பிறகு வெறும் விரலால் தொடாதீர்கள், விரல் எண்ணெயே போதும் வேலையைக் கெடுக்க. எங்கள் பட்டறையில் புதுசாக வருகிற பையன்கள் எல்லாரும் துடைத்த பம்பரை ஒரு தடவையாவது தடவிப் பார்த்துத் திட்டு வாங்குவார்கள்.

துப்பாக்கி கோணலாக இருந்தால் கழுவும்போதே சரி பண்ணுங்கள். கொதித்து இறக்கிய தண்ணீரில் கொஞ்ச நேரம் பிடித்து, நேராக்கி, உடனே ஐஸ் தண்ணீரில் முக்கினால் அப்படியே நிற்கும். பெயிண்ட் அடித்த பிறகு நிமிர்த்தினால் செய்ததெல்லாம் வீண்.

இரண்டு எச்சரிக்கை. பிபி பிரைமரில் இருக்கிற கரைப்பான் கெட்டிப் பிளாஸ்டிக்கைக் கரைக்கும், பீரங்கி பக்கம் கொண்டு போகாதீர்கள். அப்புறம் வெளியில், மாஸ்க் போட்டுக்கொண்டு அடியுங்கள். அடுப்பு, ஊதுபத்தி எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது. யாராவது வந்து 'தீயில் லேசாகக் காட்டி எடுத்தால் பெயிண்ட் பிடிக்கும்' என்று சொல்வார்கள். தொழிற்சாலையில் பெரிய சாமானுக்கு அப்படிச் செய்வது உண்மைதான். உங்கள் இரண்டரை சென்டிமீட்டர் ஆளைக் காட்டினால் துப்பாக்கி சுருண்டுவிடும்.

அரூர்_அக்கா:

பம்பர் அண்ணன் சொன்னதற்குப் பிறகு மேல் பெயிண்ட் பற்றி நான் சொல்கிறேன். கொலு பொம்மைக்கும் சேலைக்கும் வண்ணம் தீட்டுகிறவள் நான், என் தம்பி மகன் இந்த விளையாட்டுக்காரன்.

அடியில் பிடித்துவிட்டாலும் மேலே இருக்கிற வண்ணம் வளைய வேண்டும் இல்லையா? துணிக்குப் போடுகிற அக்ரிலிக்கை எடுங்கள், ஃபெவிக்ரில் மாதிரி. துணி மடிந்தாலும் வெடிக்காமல் இருப்பதற்கென்றே செய்தது. ஒரே தடவையில் கெட்டியாக அப்பாமல் தண்ணீர் கலந்து மெல்லிசாக இரண்டு மூன்று தடவை. சிவப்பு சரியாக மூடாது, அடியில் காவி நிறம் ஒரு பூச்சு கொடுத்துவிட்டால் அதன் மேல் கும்பினிச் சிவப்பு நன்றாக எழும்பும்.

பிபி பிரைமர் கிடைக்காதவர்களுக்கு ஒரு வழி: ஃபெவிக்காலில் கொஞ்சம் தண்ணீர் கலந்து, கழுவிய பொம்மை முழுக்கப் பூசிக் காயவிடுவது. ஆளைச் சுற்றி வளைகிற ஓர் உறை போல நிற்கும். ஆனால் ஈரம் பட்டால் ஊறும், அதனால் மேலே வார்னிஷ் கட்டாயம். ஐப்பசி மழையில் வார்னிஷ் ஸ்ப்ரே அடிக்காதீர்கள், காற்றில் ஈரம் இருந்தால் வெள்ளையாகப் பனி படர்ந்த மாதிரி ஆகிவிடும். அப்போதெல்லாம் பிரஷ்ஷால் பூசுகிற மேட் வார்னிஷ்தான் நல்லது.

இன்னொன்று கேட்கணும். உங்கள் ஆட்கள் தலையில் உயரத் தொப்பியோடு இருப்பார்களே, மைசூர்க்காரர்களுக்கு என்ன செய்கிறீர்கள்?

காவேரிப்பட்டணம்_படை:

அக்கா, சரியாகப் பிடித்தீர்கள். தொப்பியை வெட்டிவிட்டு எம்-சீல் வைத்துத் தலைப்பாகை செய்தேன். பாதிப் பேருக்குத் தலைப்பாகை கழன்று விழுகிறது. அதுவும் இதே வியாதிதானா?

அரூர்_அக்கா:

அதே வியாதிதான். எதுவும் ஒட்டாத பிளாஸ்டிக்கில் எம்-சீல் மட்டும் எப்படி ஒட்டும்? நூலை எடுங்கள். சாதாரண வெள்ளைத் தையல் நூலை ஃபெவிக்காலில் நனைத்து, நெற்றியில் ஆரம்பித்துக் காது மேலாகச் சாய்த்துச் சாய்த்துச் சுற்றுங்கள். கடைசி முனையை ஊசியால் உள்ளே செருகிவிடுங்கள். சுற்றிக் கட்டியிருப்பதால் ஒட்ட வேண்டிய அவசியமே இல்லை. காய்ந்ததும் ஒவ்வொரு சுற்றும் தனித்தனியாகத் தெரியும், எம்-சீலில் செய்கிற வழவழ உருண்டையைவிட எனக்கு இதுதான் பிடிக்கும்.

ஓசூர்_பம்பர்:

அருமை அக்கா. எம்-சீல்தான் வேண்டும் என்றால் சூடாக்கிய குண்டூசியைத் தலையில் இறக்கி, மேலே நீட்டிக்கொண்டிருக்கிற முனையில் பிசைந்து வைக்கலாம். ஆளை அட்டையில் நிறுத்தவும் அதே வழிதான், ஃபெவிக்விக் இந்த ஜாதியிடம் தோற்றுப்போகும்.

பென்னாகரம்_வாத்தியார்:

குதிரைகளை மறந்துவிட்டோம். அடித்த ஸ்ப்ரேயை முதலில் எடுக்க வேண்டும். தின்னர், அசிட்டோன் வேண்டவே வேண்டாம், குதிரையும் இளகிப்போகும். டெட்டாலை அப்படியே, தண்ணீர் கலக்காமல், மூடியுள்ள பாட்டிலில் ஊற்றி ஓர் இரவு ஊறவைத்து டூத் பிரஷ்ஷால் தேயுங்கள். பெரும்பாலும் கழன்றுவிடும். உடனே தண்ணீரில் அலசிவிடாதீர்கள். டெட்டாலும் பெயிண்டும் தண்ணீரைக் கண்டால் கோந்தாகி, இருந்ததைவிட மோசமாக ஒட்டிக்கொள்ளும். இன்னொரு முறை வெறும் டெட்டாலில் தேய்த்து, துணியில் துடைத்து, அதற்கப்புறம் சோப்புத் தண்ணீர். கையுறை போடுங்கள். பூனை வளர்க்கிறீர்கள் என்று தெரிகிறது, டெட்டால் பூனைக்கு விஷம், அறைக்குள்ளேயே விடாதீர்கள்.

பிறகு எந்த ஸ்ப்ரேயும் வேண்டாம். தண்ணீரில் கரைகிற அக்ரிலிக் பிரைமரைப் பிரஷ்ஷால் பூசி, மேலே வண்ணம், மேலே தண்ணீர் வகை வார்னிஷ்.

தருமபுரி_54:

இழைக்கு நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். என் பெரியப்பா வீட்டுப் பரணில் பழைய உலோகச் சிப்பாய்கள் ஒரு டப்பா கிடைத்தது. ஆள் ஐந்தரை சென்டிமீட்டர் இருப்பான், கனமாக இல்லை, உள்ளே கூடு. சிலவற்றில் சாம்பல் வெள்ளையாக மாவு. இவர்களுக்கும் டெட்டால் போட்டுப் புதுசாகப் பெயிண்ட் அடிக்கலாமா?

பென்னாகரம்_வாத்தியார்:

கை வைக்காதீர்கள் ஐயா. உள்ளே கூடாக வார்க்கிற ஈயச் சிப்பாய்களை இங்கிலாந்தில் பிரிட்டன் கம்பெனி 1893-இல் கொண்டுவந்தது, அதன்பின் பலரும் செய்தார்கள். உங்களுடையது யார் செய்தது என்று அடிப்பாகத்தில் முத்திரை இருக்கிறதா பாருங்கள். பழைய பெயிண்டோடு இருந்தால்தான் சேகரிப்பவர்களிடம் அதற்கு மதிப்பு. அந்த மாவு ஈயம் அரித்துப்போன தூள், உடம்புக்குள் போகக் கூடாது. ஊதாதீர்கள், தேய்க்காதீர்கள், பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள். மாவு பூத்ததைத் தனியாகப் பிரித்து வையுங்கள். மரப்பெட்டிக்குள் பூட்டி வைத்தால் மரத்திலிருந்து வரும் அமில ஆவி அரிப்பை அதிகமாக்கும். மற்றதற்குத் தனி இழை போடுங்கள், பேசுவோம்.

காவேரிப்பட்டணம்_படை:

எல்லோருக்கும் நன்றி. பிபி பிரைமர் கிருஷ்ணகிரியிலேயே கிடைத்தது. சோதனைக்கு ஒரே ஒரு வரிசைக்கு மட்டும் அடித்துத் துணி அக்ரிலிக் பூசினேன். ஈட்டி முனையை விரலால் மடக்கி விட்டுப் பார்த்தேன், கோடுகூட விழவில்லை. நகத்தால் சுரண்டினால்தான் கொஞ்சம் வருகிறது. குதிரைகள் டெட்டாலில் ஊறுகின்றன, வீடே ஆஸ்பத்திரி வாசனை அடிக்கிறது என்று அம்மா திட்டுகிறார்.

இனி மைசூர்ப் படைக்கு வண்ணம். திப்புவின் காலாட்படைக்குப் புலிக்கோடு என்கிறார்கள். மஞ்சளில் கறுப்பா?

பென்னாகரம்_வாத்தியார்:

மஞ்சள் இல்லை தம்பி. ஊதா நிறச் சட்டை, அதில் வெள்ளையாகச் சாய்சதுரப் புள்ளிகள். புலிச்சட்டை என்பது அதற்குத்தான் பெயர். எதிரில் நிற்கும் மதராஸ் சிப்பாய்க்குச் சிவப்புக் கோட்டு, முழங்காலுக்கு மேலே நிற்கும் அரைக்கால் சட்டை. பேண்ட் போட்ட ஆளின் தொடைக்குக் கீழே தோல் நிறம் தீட்டினாலே பாதி வேலை முடிந்தது.

அரூர்_அக்கா:

அந்தப் புள்ளியைப் பிரஷ்ஷால் வைக்காதீர்கள், கை நடுங்கும். பல்குத்தும் குச்சி முனையைச் சீவி, வெள்ளையில் தொட்டு, முதல் புள்ளியை நகத்தில் வைத்துவிட்டு இரண்டாவதைச் சட்டையில் வையுங்கள். முதல் புள்ளி எப்போதும் பெரிசாக விழும். எல்லா இடத்திலும் வைக்க வேண்டாம், மார்பிலும் முதுகிலும் தோளிலும் வைத்தால் போதும், குறுக்குவார் மறைத்துவிடும்.

ஓசூர்_பம்பர்:

ஆட்டத்துக்கு எடுத்துப் போகும்போது டப்பாவில் கொட்டிக்கொண்டு போகாதீர்கள், உரசியே போய்விடும். கல்யாணப் பத்திரிகை அட்டையை வெட்டி ஆளை நிறுத்தி, அடியில் ஒரு சின்னக் காந்தம். இரும்புத் தகர டப்பாவில் வைத்தால் ஓசூர் வரை பஸ்ஸில் வந்தாலும் அசையாது. விளையாடும்போது அட்டையைப் பிடித்துத்தான் தூக்க வேண்டும், துப்பாக்கியைப் பிடித்து யாராவது தூக்கினால் அவருக்கு ஒரு முறை வாய்ப்பு பறிபோகும் என்று விதியிலேயே எழுதிவிடுங்கள். பாறை உருட்டுவதற்கு விதி என்ன வைத்திருக்கிறீர்கள்? ஞாயிற்றுக்கிழமை என்றால் நான் கிளம்பி வருகிறேன், மேல்கோட்டை எனக்கு.